குழாய் நீரின் மணமும் ஓசோனின் மறுபக்கமும்

காலையில் குழாயைத் திறந்ததும் மூக்கைத் தொடும் ஒரு மணம் எம்மில் பலருக்குப் பழக்கமானது. வுழூச் செய்யும்போதும் அரிசி கழுவும்போதும் அது தெரியும். சில நாட்களில் மெல்லியதாக இருக்கும். சில நாட்களில் தேநீரின் ருசியையே மாற்றிவிடும். "மருந்து போட்ட தண்ணி" என்று உம்மம்மாக்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மருந்து குளோரீன்.

அண்மைக் காலமாக இந்த மணத்தோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. குளோரீன் கலந்த நீர் புற்றுநோயைத் தரும் என்றும், ஓசோனால் சுத்திகரித்த நீரே தூய்மையானது என்றும் கைத்தொலைபேசிகளில் செய்திகள் வருகின்றன. அவற்றைப் பார்த்துச் சில குடும்பங்கள் குழாய் நீரைக் கைவிட்டுப் பெரிய போத்தல்களில் விற்கும் நீருக்கு மாறியுள்ளன. வேறு சில குடும்பங்கள் வளவுக் கிணற்றுக்கே திரும்பிவிட்டன. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது சாதாரண முடிவன்று. கரையோர மணற் பகுதிகளில் வளவுகள் சிறியவை. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே இருக்க வேண்டிய 50 அடி பல வீடுகளில் இல்லை. என்றோ வரக்கூடிய நோய்க்குப் பயந்து, அடுத்த வாரமே வரக்கூடிய வயிற்றோட்டத்தை வீட்டுக்குள் அழைக்கிறோமா என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

உயர்தரத்தில் இரசாயனவியல் கற்கும் ஒரு மாணவி இந்த விடயத்தைத் தன் பாட அறிவைக் கொண்டே பெருமளவு விளங்கிக்கொள்ளலாம். அந்தச் செய்தி முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. ஆகவே அதைப் பிரித்துப் பார்ப்போம்.

கந்தளாயிலிருந்து எமது வீடு வரை

திருகோணமலை நகரைச் சுற்றிக் கடல் இருக்கிறது. ஆனால் நகரின் குழாய்களில் வரும் நீர் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. மழை நீரோடு, மின்னேரியாவிலிருந்து வரும் பழைய யோத எல கால்வாய் வழியாகவும் இக்குளத்துக்கு நீர் சேர்கிறது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் இதே குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததைப் பெற்றோர்களில் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். எமக்கு அது கேள்விப்பட்ட கதை மட்டுமே.

குளம் என்பது ஓர் உயிருள்ள இடம். அதில் பாசி வளர்கிறது, நீர்த்தாவரங்கள் அழுகுகின்றன, மாடுகள் இறங்குகின்றன, காட்டு இலைகளும் வயற்கழிவும் வந்து சேர்கின்றன. இவை உக்கும்போது வெளிவரும் பெரிய சேதன மூலக்கூறுகள் நீரில் கரைந்துவிடுகின்றன. உக்கிய மண்ணிலும் இருக்கும் இவற்றை உக்கல் அமிலங்கள் எனலாம். சாயம் குறைந்த தேநீரைப் போன்ற மஞ்சள் நிறத்தைக் குளத்து நீருக்குக் கொடுப்பவை இவையே. இவற்றைக் குடித்தால் எமக்குப் பெரிய கேடில்லை. இந்த உக்கல்தான் இக்கட்டுரையின் முக்கிய பாத்திரம் என்பதால் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளத்து நீரைக் குடிநீராக்கும் வழமையான முறை பலரும் அறிந்ததே. படிகாரம் இட்டுக் கலங்கலைத் திரளச் செய்வார்கள். திரண்டது அடியில் படியும். மேலே தெளிந்த நீரை மணல் வடியினூடாக அனுப்புவார்கள். பின்னர் குளோரீன் சேர்ப்பார்கள். குளோரீன் நீருடன் தாக்கமுற்று ஐப்போகுளோரசு அமிலத்தை உண்டாக்குகிறது. மின்னேற்றம் இல்லாத சிறிய மூலக்கூறு ஆகையால் அது பற்றீரியாவின் கலச்சுவரைக் கடந்து உள்ளே சென்று, அதன் நொதியங்களை ஒட்சியேற்றிச் செயலிழக்கச் செய்கிறது. தைபொயிட்டு, கொலரா, வயிற்றுளைவு ஆகியவற்றின் கிருமிகள் இவ்வாறுதான் அழிகின்றன.

குளோரீனுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது உடனே மறைந்துவிடுவதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமிகளைக் கொன்ற பின்னும் சிறிதளவு நீரில் தங்கி, குழாய்வழி நெடுகக் கூடவே வருகிறது. இதை எஞ்சிய குளோரீன் என்பர். நீர் பாவனையாளரை அடையும் இடத்தில் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரீன் இருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 40 கிலோமீற்றர் குழாய், அதன் பின் வீதிக் குழாய்கள், அதன் பின் வீட்டுக் கூரையிலுள்ள கறுப்புத் தாங்கி என இத்தனை இடங்களைக் கடந்து வரும் நீருக்கு ஒரு காவலாளி தேவை. நீர் வராத நேரத்தில் குழாயில் அழுத்தம் குறையும். அப்போது சிறு வெடிப்புகள் வழியே வெளி அழுக்கு உள்ளே கசியலாம். எமக்குப் பிடிக்காத அந்த மணம், காவலாளி இன்னும் வேலையில் இருக்கிறான் என்பதற்கான அடையாளம்.

1974இல் தெரியவந்த விடயம்

அப்படியானால் பயம் எங்கிருந்து வந்தது? 1974ஆம் ஆண்டு வரை, குளோரீன் கிருமியைக் கொல்கிறது என்பதோடு கதை முடிந்திருந்தது. அவ்வாண்டில் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகர நீர் வழங்கலில் பணியாற்றிய யொகானெஸ் றூக் என்ற இரசாயனவியலாளர், குளோரீன் சேர்த்த பின் நீரில் குளோரோபோம் காணப்படுவதை வெளியிட்டார். சேர்க்கும் முன் இல்லாத பொருள் சேர்த்த பின் இருந்தது. நீரில் இயற்கையாக இருக்கும் உக்கல் அமிலங்களுடன் குளோரீன் தாக்கமுற்றே இது உருவாகிறது என்பதையும் அவர் காட்டினார். அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் இதையே கண்டனர்.

மெதேன் மூலக்கூறில் நான்கு ஐதரசன் அணுக்கள் உள்ளன அல்லவா? அவற்றில் மூன்றை எடுத்துவிட்டு அலசன் அணுக்களை வைத்தால் கிடைப்பவை மூவேலோமெதேன்கள். மூன்றும் குளோரீனானால் குளோரோபோம். மூன்றும் புரோமீனானால் புரோமோபோம். இரண்டும் கலந்து இன்னும் இரண்டு. குடிநீரில் பேசப்படுபவை இந்த நான்கும்தான். இவற்றோடு ஏலோ அசற்றிக்கமிலங்கள் என்ற இன்னொரு கூட்டமும் உருவாகிறது. கிருமிநீக்கத்தின் பக்கவிளைபொருட்கள் என்று பொதுவாக அழைக்கப்படுபவை இவையே.

நீரில் உக்கல் கூடும்போதும், வெப்பநிலை கூடும்போதும், குளோரீனும் நீரும் சேர்ந்திருக்கும் நேரம் கூடும்போதும் இவற்றின் அளவு கூடும். வெப்பமான நாடு, பாசி வளரும் குளம், நீண்ட குழாய் என்று எமது ஊரின் நிலையை இந்த விதியோடு பொருத்திப் பார்த்தால், இது ஐரோப்பாவின் பிரச்சினை மட்டுமல்ல என்பது புரியும்.

ஆனால் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. ஐக்கிய அமெரிக்கா இந்த நான்குக்கும் சேர்த்து விதித்துள்ள எல்லை, லீற்றருக்கு 80 மைக்கிரோகிராம். ஒரு மைக்கிரோகிராம் என்பது கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. எமது கூரையில் 1000 லீற்றர் தாங்கி இருந்தால், அந்த எல்லையில் உள்ள நீர் நிறைந்த தாங்கி முழுவதிலும் இருப்பது 80 மில்லிகிராம். தலைவலிக்குப் போடும் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் வில்லையை ஆறாக உடைத்தால் வரும் ஒரு துண்டின் நிறையை விடவும் அது சற்றுக் குறைவு. அந்த 1000 லீற்றரையும் ஒருவர் குடித்து முடிக்க ஓராண்டுக்கு மேல் செல்லும்.

சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் குளோரோபோமை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை என்ற பிரிவில் வைத்திருக்கிறது. உறுதியாக உண்டாக்கும் பொருட்களின் பிரிவில் அல்ல. குளோரீன் சேர்த்த குடிநீரை 1991இல் மதிப்பிட்டபோது, வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றே கூறியது. கைத்தொலைபேசிச் செய்திகள் இந்த இரண்டு வரிகளில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. பக்கவிளைபொருட்களைக் குறைக்கும் முயற்சியில் கிருமிநீக்கத்தை ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. இதையும் யாராவது ஒரு செய்தியாக அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்!

ஓசோன் என்ன செய்யும்?

இடி மின்னலுக்குப் பிறகு காற்றில் ஒரு கூர்மையான மணம் வரும். போட்டோப்பிரதி எடுக்கும் கடையிலும் சில வேளை அதே மணத்தை உணரலாம். அது ஓசோன். 1840ஆம் ஆண்டளவில் இதை இனங்கண்ட சோன்பைன் என்ற விஞ்ஞானி, மணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இப்பெயரை வைத்தார். மூன்று ஒட்சிசன் அணுக்களாலான இம்மூலக்கூறு உறுதியற்றது. ஓர் அணுவை எங்காவது இறக்கிவைத்துவிட்டு சாதாரண ஒட்சிசனாக மாறவே அது துடிக்கிறது. அதனாலேயே அது குளோரீனை விட வலிமையான ஒட்சியேற்றி.

நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில், உலர்ந்த காற்றினூடாகவோ ஒட்சிசனூடாகவோ உயர் அழுத்த மின்னிறக்கத்தைச் செலுத்தி ஓசோனை அங்கேயே தயாரித்து, நீரின் அடியிலிருந்து குமிழிகளாக விடுகிறார்கள். சேமித்து வைக்கவோ லொறியில் கொண்டுவரவோ முடியாது. பிரான்சின் நீஸ் நகரம் 1906 முதல் இம்முறையைப் பயன்படுத்தியது. எனவே ஓசோன் புதிய கண்டுபிடிப்பு என்று விளம்பரங்கள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. அதற்கு நூறு வயது கடந்துவிட்டது.

ஓசோனின் உண்மையான பெருமையை அறிய ஐக்கிய அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தைப் பார்க்கலாம். 1993இல் அந்நகரின் குழாய் நீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி கலந்தது. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. அந்நீருக்குக் குளோரீன் சேர்க்கப்பட்டே இருந்தது. இந்த ஒட்டுண்ணியின் தடித்த ஓட்டைக் குளோரீனால் உடைக்க முடிவதில்லை, ஓசோனால் முடியும். 1998இல் அந்நகரம் ஓசோனைப் பயன்படுத்தத் தொடங்கியது.

பக்கவிளைபொருட்கள் விடயத்திலும் ஓசோன் உதவுகிறது. உக்கல் அமிலங்களில் உள்ள காபன் இரட்டைப் பிணைப்புகளை அது வெட்டுகிறது. நிறமும் மணமும் குறைகின்றன. ஓசோனில் குளோரீன் அணு இல்லாததால் குளோரோபோம் அதிலிருந்து வர வழியில்லை. பின்னர் சேர்க்க வேண்டிய குளோரீனின் அளவும் குறைகிறது. இவ்வளவு தூரம் விளம்பரம் சொல்வது சரியே.

விளம்பரம் சொல்லாதவை

ஓசோன் சில நிமிடங்களில் நீரில் சிதைந்துவிடும். கந்தளாயில் காலையில் விட்ட ஓசோன், நீர் நகர எல்லையைத் தொடும் முன்பே மறைந்திருக்கும். அதன் பின் குழாயிலும் தாங்கியிலும் காவல் இல்லை. ஆகவே எமது ஊரைப் போல நீண்ட குழாய் உள்ள இடத்தில் ஓசோன் பயன்படுத்தினாலும் இறுதியில் சிறிதளவு குளோரீன் சேர்த்தேயாக வேண்டும். ஓசோன் குளோரீனுடன் சேர்ந்து வேலை செய்யுமே தவிர, அதன் இடத்தைப் பிடிக்காது.

அடுத்தது, வெட்டிய துண்டுகள் எங்கே போகின்றன என்ற கேள்வி. பெரிய உக்கல் மூலக்கூறைப் பற்றீரியா இலகுவில் உண்பதில்லை. ஓசோன் அதைச் சிறு அல்டிகைட்டுகளாகவும் காபொட்சிலிக் அமிலங்களாகவும் நறுக்கிக் கொடுக்கிறது. போமல்டிகைட்டும் அவற்றில் ஒன்று. எலும்போடு இருந்த இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கிப் பூனைக்கு முன் வைத்தது போலத்தான். அந்த நீரை அப்படியே குழாயில் விட்டால், குழாயின் உட்சுவரில் பற்றீரியாக்கள் படலமாக வளரும். கிருமியைக் கொல்லப் போய்க் கிருமிக்கு உணவு சமைத்த கதையாகிவிடும்.

மூன்றாவதுதான் கடலோரத்தில் வாழும் எமக்கு மிக நெருக்கமானது. நீரில் புரோமைட்டு அயன் இருந்தால் ஓசோன் அதைப் படிப்படியாக ஒட்சியேற்றிப் புரோமேற்றாக மாற்றுகிறது. புரோமேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள எல்லை லீற்றருக்கு வெறும் 10 மைக்கிரோகிராம். குளோரோபோமுக்கு அது வைத்திருப்பதோ 300. எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2004ஆம் ஆண்டு பிரித்தானியாவில் கொக்கா கோலா நிறுவனம் டசானி என்ற போத்தல் நீரை அறிமுகப்படுத்தியது. லண்டனுக்கு அருகே சிட்கப் என்ற இடத்தின் சாதாரண குழாய் நீரே அதன் மூலப்பொருள். அதை வடிகட்டி, ருசிக்காகக் கல்சியம் குளோரைட்டுச் சேர்த்து, ஓசோனும் செலுத்தினார்கள். அந்தக் கல்சியம் குளோரைட்டில் புரோமைட்டு கலந்திருந்தது. ஓசோன் அதைப் புரோமேற்றாக்கியது. சட்ட எல்லையான 10 மைக்கிரோகிராமை விடக் கூடுதலாக இருந்ததால், மார்ச் மாதத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் போத்தல்கள் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டன. குழாயில் வந்த நீரைத் தூய்மையாக்கப் போன இடத்தில், குழாயில் இல்லாத ஒரு பொருள் சேர்ந்தது. போத்தலில் அடைத்தது எல்லாம் குழாய் நீரை விட மேல் என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

புரோமைட்டு எங்கே அதிகம்? கடலில். கடல்நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் ஏறத்தாழ 65 மில்லிகிராம் உள்ளது. கரையோரக் கிணறுகளில் வரட்சிக் காலத்தில் உப்பு ஏறும்போது புரோமைட்டும் கூடவே ஏறுகிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பகுதிகளின் கிணறுகளுக்குள் கடலே புகுந்தது. அத்தகைய கிணற்று நீருக்கு ஓசோன் செலுத்தினால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்த தாக்கத்தைக் கொண்டே நீங்கள் ஊகிக்கலாம். குளோரீன் இட்டாலும் புரோமைட்டு சும்மா இருப்பதில்லை. மூவேலோமெதேன்களில் புரோமீன் கொண்டவை அதிகமாக உருவாகும். உள்நாட்டுக் குளமாகிய கந்தளாய் இந்த விடயத்தில் எமக்குக் கிடைத்த பாக்கியம் என்றே நான் கருதுகிறேன்.

வடிகட்டல் எங்கே வர வேண்டும்?

மேலே சொன்னவற்றை ஒருமுறை திரும்பப் பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகும். குளோரீனும் சரி, ஓசோனும் சரி, தனியே தீங்கைச் செய்வதில்லை. நீரில் ஏற்கனவே இருக்கும் உக்கலும் புரோமைட்டும்தான் அவற்றின் கையில் அகப்பட்டு வேறு பொருளாகின்றன. ஆகவே எந்த மருந்தைப் போடுவது என்பதை விட, மருந்து போடும் முன் நீரிலிருந்து எதை எடுத்துவிட்டோம் என்பதே பெரிய கேள்வி. இந்த இடத்தில்தான் வடிகட்டல் வருகிறது.

படிகாரத்தின் அளவையும் நீரின் பீஎச் பெறுமானத்தையும் கவனமாகச் சரிசெய்தால், கலங்கலோடு உக்கலின் ஒரு நல்ல பகுதியும் திரண்டு படிந்துவிடும். புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. குளோரீனை ஆரம்பத்தில் கலங்கல் நீரிலேயே கொட்டாமல், வடிகட்டிய பின் சேர்த்தாலும் பக்கவிளைபொருட்கள் குறையும். உணவில் உப்பை எப்போது போடுவது என்பது போன்ற விடயம் இது. அளவு ஒன்றானாலும் நேரம் வேறுபட்டால் முடிவும் வேறுபடும்.

அதன் பிறகும் கரைந்திருப்பதைப் பிடிக்க ஏவப்பட்ட காபன் உதவுகிறது. இதில் எமது நாட்டுக்கு ஒரு பெருமையும் உண்டு. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, மிக உயர்ந்த வெப்பநிலையில் நீராவி செலுத்தினால் அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் காபனின் உள்மேற்பரப்பை விரித்தால் எமது கல்லூரி மண்டபத்தின் தரையைவிடப் பெரிதாக இருக்கும்! இலங்கை இந்தச் சிரட்டைக் காபனை உலகின் பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. நாம் அடுப்பெரிக்கும் சிரட்டை வேறெங்கோ ஒரு நாட்டின் குடிநீரைத் தெளிவாக்குகிறது.

ஓசோனையும் காபனையும் அடுத்தடுத்து வைத்தால் என்ன நடக்கும் என்பதுதான் எனக்கு இந்த விடயத்தில் மிகப் பிடித்த பகுதி. ஓசோன் உக்கலைச் சிறு துண்டுகளாக்குகிறது. அந்தத் துண்டுகள் பற்றீரியாவுக்கு உணவு என்று பார்த்தோம். அப்படியானால் அந்த உணவைக் குழாயில் அல்லாமல் நாமே விரும்பும் இடத்தில் பற்றீரியாவுக்குக் கொடுத்தால் என்ன? காபன் துகள்களின் மேல் நோயுண்டாக்காத பற்றீரியாக்களை வளரவிட்டு, ஓசோன் செலுத்திய நீரை அதனூடாக அனுப்புகிறார்கள். அவை போமல்டிகைட்டு உட்படச் சிறு மூலக்கூறுகளை உண்டு, காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றிவிடுகின்றன. ஓசோனின் குறையையே ஒரு நன்மையாக்கிவிட்ட யுக்தி இது. இதை உயிரியல் காபன் வடி எனலாம். சிங்கப்பூரின் சுவா சூ காங் நீர் நிலையம் 2019இல் மேம்படுத்தப்பட்டபோது, மட்பாண்டப் பொருளாலான மென்சவ்வு வடியோடு ஓசோனும் இந்த உயிரியல் காபன் வடியும் இணைக்கப்பட்டன. அங்கும் நீர் மழைத் தேக்கங்களிலிருந்தே வருகிறது. எம்முடையதைப் போன்ற வெப்பமான நாடுதான்.

அம்ஸ்ரர்டாம் நகரம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஓசோன், காபன், மெதுவான மணல் வடி எனத் தொடர்ச்சியாகச் சுத்திகரித்து, 1983 முதல் குளோரீனையே நிறுத்திவிட்டது. பக்கவிளைபொருளை முதலில் கண்டுபிடித்த நாடே அதை இல்லாமற் செய்யவும் வழி கண்டது. அதைப் பார்த்து நாமும் உடனே நிறுத்தலாமே என்று கேட்கக் கூடாது. அங்கே குழாய்கள் கசிவதில்லை என்று சொல்லும் அளவுக்குப் பராமரிக்கப்படுகின்றன. நாள் முழுவதும் அழுத்தம் இருக்கிறது. இங்கே நீர் வெட்டு அறிவித்தல் வந்தால் நாம் வாளிகளைத் தேடுகிறோம்.

எமது நகருக்கு ஓசோன் வேண்டுமா என்று கேட்டால், இப்போதைக்கு அது முதற் தேவையல்ல என்பது எனது கருத்து. ஓசோன் தயாரிக்க நிறைய மின்சாரமும் தேர்ந்த தொழினுட்பவியலாளர்களும் வேண்டும். அதற்கு முன் குளத்து நீரில் கரைந்துள்ள சேதனக் காபனையும் புரோமைட்டையும் எல்லாப் பருவங்களிலும் அளந்து, மக்களுக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும். படிகாரமும் மணலும் செய்யக்கூடிய வேலையைச் செம்மையாகச் செய்த பின், காபன் வடியைச் சேர்க்கலாம். ஓசோனைப் பற்றி அதன் பின் பேசலாம். மாணவிகளாகிய எம்மில் சிலர் நாளை இந்த அளவீடுகளைச் செய்யும் ஆய்வுகூடங்களில் இருக்கக்கூடும்.

வீட்டில் செய்யக்கூடியவை

பெற்றோர்களுக்கு மிக உதவும் செய்தி, நாம் ஏற்கனவே செய்துவரும் ஒரு பழக்கத்தில் இருக்கிறது. கொதித்தாறிய நீர் கிருமிகளை மட்டும் கொல்வதில்லை. குளோரோபோம் 61 பாகை செல்சியசில் கொதித்துவிடும். அதன் உறவுகளும் ஆவியோடு வெளியேறும் தன்மையுடையவை. ஆகவே நீர் நன்றாகக் கொதித்த பின் மூடியைத் திறந்து சில நிமிடம் கொதிக்கவிட்டால், மூவேலோமெதேன்களில் பெரும் பகுதி போய்விடும். சமையலறைச் சன்னலையும் திறந்து வையுங்கள். வெளியேறுவதை நாமே சுவாசிக்கத் தேவையில்லை. மூடியை இறுக்கி, கொதி வந்தவுடன் அடுப்பை அணைத்தால் இந்தப் பயன் குறைவு. புரோமேற்று மட்டும் ஆவியாகாது. ஆகவே ஓசோன் செலுத்திய நீரை அதற்காகக் கொதிக்கவைப்பதில் பயனில்லை.

கொதித்த நீரில் எஞ்சிய குளோரீனும் இருக்காது. காவலாளியை நாமே அனுப்பிவிட்டோம். அதனால் ஆறிய நீரை மூடி வைத்து, கோப்பையைக் கையோடு உள்ளே விட்டு அள்ளாமல் ஊற்றிக் குடிக்க வேண்டும். அன்றைய நீரை அன்றே முடிப்பது நல்லது.

வீட்டு வடிகளில் உள்ள காபன் குளோரீன் மணத்தையும் குளோரோபோமையும் பிடிக்கும். ஆனால் அதன் துளைகள் நிரம்பிய பின் அது வெறும் கரி. அதிலே பற்றீரியாவும் குடியேறும். ஆகவே உற்பத்தியாளர் குறித்த காலத்தில் அதை மாற்ற வேண்டும். மாற்றிய திகதியை ஒரு துண்டில் எழுதி வடியின் மேலேயே ஒட்டிவிட்டால் வீட்டில் யாரும் மறக்கமாட்டார்கள்.

மரக்கறி கழுவவும் நீரைச் சுத்திகரிக்கவும் என்று சிறிய ஓசோன் இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. ஓசோன் நுரையீரலை உறுத்தும் வாயு. மூடிய சமையலறையில், ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அதை இயக்குவது நல்லதல்ல. அது எவ்வளவு ஓசோனை நீரில் கரைக்கிறது என்பதை அளக்கவும் எம்மிடம் கருவியில்லை.

போத்தல் நீர் வாங்குபவர்கள் எஸ்.எல்.எஸ். 894 என்ற தர இலக்கமும் சுகாதார அமைச்சின் பதிவு இலக்கமும் முகப்புச் சீட்டில் உள்ளனவா என்று பார்க்கட்டும். சீட்டே இல்லாத பெரிய போத்தலில் வருவது எந்தக் கிணற்று நீர், எத்தனை நாள் வெயிலில் நின்றது என்று விற்பவரிடம் கேட்கலாம். கிணற்று நீரையே குடிப்பவர்கள், அது எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். தங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு நீரைப் பரிசோதித்துக் கொள்ளலாம்.

கூரைத் தாங்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடி உடைந்த தாங்கியில் இலையும் பல்லியும் விழுகின்றன, அடியில் சேறு படிகிறது. கந்தளாயில் வடிகட்டி எடுத்த உக்கலை நாம் மீண்டும் அதற்குள் போட்டு, வெயிலில் சூடாக்கி, எஞ்சிய குளோரீனோடு கலந்துவிடுகிறோம். அந்தத் தாங்கியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இறக்கிக் கழுவி, மூடியை இறுக்கமாகப் பொருத்த வாப்பாமார் ஒரு விடுமுறை நாளை ஒதுக்கினால் போதும்.